குதிரை என்று சொன்னது யார்

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் அச்சகத்து வாசலில் நின்றபடியே, "ஆறுமுகம் அண்ணாச்சி, விசயம் தெரியுமா? கியூபா சார் போயிட்டாவ. காலையில காப்பியக் குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவருதானாம், எந்திரிக்கல" என்றார். மணமகன் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. அதைக் குறித்துவிட்டுத்தான் எழுந்தேன். இருபது வருடம் பழகிய ஒருவர் இறந்துவிட்டார் என்றால் மனத்தில் முதலில் துக்கம் எழ வேண்டும். எனக்கு எழுந்தது நிம்மதி. இனிமேல் காப்பி டம்ளரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

கியூபா நட்புறவுச் சங்கத்தில் நான் அவருக்குச் செயலாளராக இருந்தவன் என்பதால் இந்த நினைவு மலருக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். மலரை அச்சடிக்கும் வேலையும் என்னிடமே வந்திருக்கிறது. மற்ற கட்டுரைகளை நானே எழுத்துக்கோத்து முடித்துவிட்டேன். அவற்றில் அவர் மேதை, பண்பாளர், பன்மொழிப் புலவர். ஒரு கட்டுரையில் அவர் மகான். அவரை அறிந்த உங்களுக்கு அது போதுமென்றால் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிடலாம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கியூபா சார் என்று ஊர் அழைத்த சங்கரலிங்கம் தென்காசியில் ஆங்கில டுட்டோரியல் நடத்தினார். எழுபதுகளின் தொடக்கத்தில், கியூபா போகவிருந்த ஒரு நட்புறவுக் குழுவில் கடைசி நேரத்தில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட, அந்த இடத்தில் இவரை ஏற்றி அனுப்பினார்கள். இருபது நாள் இருந்தார். திரும்பி வந்து, அந்த இருபது நாளைப் பேசியே பதினைந்து வருடம் வாழ்ந்தார். கூடப்போன மதுரைக்காரர் ஒருவர் பிற்பாடு சீசனுக்குக் குற்றாலம் வந்தபோது என்னிடம் சொன்னார்: "உங்க சார் ஹோட்டல் ரூமை விட்டு இறங்குனதே அபூர்வம். எங்கிட்டுப் போனாலும் பன்னிக்கறியப் போட்டுருவாங்கன்னு பயம். கொண்டுவந்த பருப்புப்பொடி டின்னைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டே கிடந்தாரு." இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வந்த வேகத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 'கியூபா செல்வோர் கவனத்துக்கு.' நாற்பது பக்கம், முப்பத்திரண்டு விதிகள். அந்த நாட்டுக்குப் போகும் பயணி எப்படி வணங்க வேண்டும், எப்படி உட்கார வேண்டும், விருந்து வைத்தால் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. தென்காசியிலிருந்து கியூபாவுக்கு யார் போகப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் பிரதியோடு வருகிறவரிடம் அச்சகக்காரன் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை.

விதிகளில் சில சரியாகவும் இருந்தன. ஆணும் பெண்ணும் சந்தித்தால் கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள் என்றது ஒன்று. பதினான்காம் விதி, பிறர் முன்னால் வெறுங்காலுடன் நிற்பது பெரிய அவமரியாதை என்றது. பதினொன்றாம் விதியை அப்படியே தருகிறேன்: 'கியூபர்கள் எதைக் கொடுத்தாலும் முதலில் மறுப்பார்கள். இரண்டாம் முறையும் மறுப்பார்கள். மூன்றாம் முறை ஏற்பதே அவர்கள் பண்பு. ஆகவே மறுப்பைப் பொருட்படுத்தாது வற்புறுத்துக.' இந்தப் பதினொன்றாம் விதியை அவர் மேடைகளில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நீங்கள் கை தட்டியிருப்பீர்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசனில் கியூபாவிலிருந்து நான்கு கரும்பு நிபுணர்கள் இந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களைப் பார்க்க வருவதாகவும், இரண்டு நாள் குற்றாலத்தில் தங்கிவிட்டுப் புளியறை வழியாகக் கேரளம் போவதாகவும் கடிதம் வந்தது. சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சங்கத்தின் மாடி அறையில் எங்கள் ஒன்பது பேருக்கும் ஒத்திகை தொடங்கினார். இரண்டிரண்டு பேராக நிறுத்திக் கன்னத்தோடு கன்னம் வைக்கச் சொன்னார். இரும்புக்கடைக்காரர் ஒருவர் எங்கள் உறுப்பினர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எம் பொண்டாட்டி கன்னத்தையே நான் வெளிச்சத்துல பாத்ததில்லவே. இவரு கன்னத்தோட வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். சார் அவர் போன திசையைப் பார்த்து, "பண்பாடுங்கிறது ரத்தத்துல வரணும். வராதவனுக்குப் புஸ்தகத்துலயாவது வரணும்" என்றார். எட்டுப் பேர் தலையை ஆட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தேன். புளியறைச் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால், லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் புரோட்டாக்கடை ஒன்று உண்டு. தாமஸும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் நடத்துகிறார்கள். ஸ்டெல்லா கல்யாணத்துக்கு முன்னால் மலைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் வார்டு வேலை பார்த்தவள். அந்தச் சகோதரிகள் தங்களுக்குள் ஸ்பானிய மொழிதான் பேசுவார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் வந்துவிட்டது. கியூபாவிலும் அதே மொழிதான். இதை நான் சாரிடம் சொன்னேன். "நமக்கு உதவியா இருக்கும் சார்" என்றும் சொன்னேன்.

மறுநாளே காரில் என்னைக் கூட்டிக்கொண்டு புளியறைக்குப் போனார். ஸ்டெல்லா கல்லில் புரோட்டாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சார் நாற்காலியில் உட்காராமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஸ்பானிய வாக்கியம் ஒன்றைச் சொன்னார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அருவிமாதிரிப் பேசினாள். நடுநடுவே நிறுத்தி ஏதோ கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். சார் தலையை ஆட்டினார். அவள் மறுபடியும் கேட்டாள். சார் மறுபடியும் தலையை ஆட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். அவள் கேட்டது என்ன என்று பின்னாளில் சொன்னாள்: "சாப்பிடுதியளா, வெறும் காப்பி போதுமான்னுதான் அண்ணாச்சி கேட்டேன்."

திரும்பும்போது காரில், "அது கன்னியாஸ்திரி பாஷை. கியூபா பாஷை வேற" என்றார் சார். சற்றுக் கழித்து, "அன்னிய நாட்டு விருந்தாளி முன்ன ஒரு புரோட்டாக்கடைக்காரியக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுதீரா?" என்று கேட்டார். அவளை வரவேண்டாம் என்று சங்கத்தின் தாளில் எழுதி அனுப்பச் சொன்னார். எழுதினேன். 'தங்கள் வருகை தேவைப்படவில்லை' என்ற அந்த வாக்கியம் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. அவள் பதிலுக்கு ஒரு லாரி டிரைவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினாள்: "நான் பேசல. ஒரு ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிருதேன். அந்தப் பாஷையக் காதால கேட்டு வருசக்கணக்காச்சு." அதற்கு நான் பதில் அனுப்பவில்லை.

விருந்தாளிகள் வந்து இறங்கிய அன்று குற்றாலத்தில் சாரல் நின்று பெய்தது. டெல்லியிலிருந்து கூடவந்த மொழிபெயர்ப்பாளருக்கு வழியிலேயே வயிற்றுக்கோளாறு. லாட்ஜ் அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. இதைக் கேட்டுச் சார் அடைந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை. மாலையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். வந்தவர்களில் தெரேசா என்ற அம்மையார்தான் மூத்தவர். சார் கன்னத்தை நீட்டிக்கொண்டு அவரை நெருங்கினார். அந்த அம்மையாருக்கு அவர் ஊரில் நம் நாட்டு வழக்கங்களைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள் போலும். இரண்டு கையையும் கூப்பி, ஒரு அடி பின்னால் நகர்ந்து, "வணக்கம்" என்று தமிழிலேயே சொன்னார். சாரின் கன்னம் அந்தரத்தில் நின்றது. எண்ணெய் தேய்க்கும் தொழிலாளிகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "ஏலே, நம்ம சாரு முத்தம் கேட்டு நிக்காரு, அந்தம்மா கும்பிடு போட்டு அனுப்புது பாரு" என்று சொல்ல, லாட்ஜ் வாசலே சிரித்தது. சார் எங்கள் பக்கம் திரும்பி, "கிராமத்திலிருந்து வந்தவங்க. நகர நாகரிகம் பழகல" என்று விளக்கினார்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், சாலையோரம், குடையில்லாமல் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டெல்லா நின்றாள். பக்கத்தில் தாமஸ். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் மாலைகளைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை தெரேசாவும் இன்னும் இருவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். ராமோன் என்பவர் மட்டும் பேரருவிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம், எதைப் பார்த்தாலும் சிரிக்கும் முகம். அருவிக்கரையில் எல்லோரும் வெறுங்காலுடன் நிற்பதைப் பார்த்துத் தன் தோல் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சார் பதறிவிட்டார். பதினான்காம் விதி. "நாம பாக்கோம்னு சங்கடப்பட்டுக் கழத்துதாரு. நாமதான் போட்டுக்கச் சொல்லணும்" என்று சொல்லி, அவர் கையிலிருந்த ஷூவை வாங்கிக் கீழே வைத்துப் போடச் சைகை காட்டினார். ராமோன் வேண்டாம் என்றார். சார் மறுபடியும் காட்டினார். மூன்றாவது தடவை, விருந்து கொடுப்பவரைப் புண்படுத்த வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, போட்டுக்கொண்டார். "பாத்தீரா?" என்று சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

பாசி பிடித்த பாறையில் தோல் ஷூ பத்து அடிகூடத் தாங்கவில்லை. ராமோன் சறுக்கி விழுந்தார். பாறையில் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த கம்பி ஒன்று முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. எண்ணெய் தேய்ப்பவர்கள்தான் ஓடிவந்து தூக்கினார்கள். பக்கத்திலேயே ஒரு டாக்டரின் கிளினிக் இருந்தது. அங்கே கொண்டுபோனோம். கூட்டம் பின்னாலேயே வந்தது. "ஒருத்தரையும் உள்ள விடாதீரும்" என்று சார் சொன்னார். நான் கதவுச் சட்டத்தில் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் காயத்தைக் கழுவினார். "இரும்பு கிழிச்சிருக்கு. டெட்டனஸ் வராம இருக்கச் சீரம் போட்டுறணும். இவருக்கு ஏதாவது ஒத்துக்காதான்னு கேளுங்க" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. யாரிடம் கேட்டாரோ அந்த ஆள்தான் தப்பு. சார் ராமோனிடம் குனிந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து எதையோ சொன்னார். ராமோனுக்கு அது புரியவில்லை. ஆனால் டாக்டர் கையில் ஊசியையும் மருந்துப் பாட்டிலையும் பார்த்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து, "நோ, நோ. சுவேரோ தெ கபாயோ, நோ" என்றார். தொண்டையைக் கையால் பிடித்துக் காட்டினார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் டாக்டர்.

"கபாயேரோன்னா அவங்க பாஷையில கனவான்னு அர்த்தம் டாக்டர்" என்றார் சார். அவர் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. "உங்களைக் கனவானேன்னு மரியாதையாக் கூப்பிடுதாரு. தாகமா இருக்காம், தொண்டையக் காட்டுதாரு."

"வேண்டாம்னு தலைய ஆட்டுதாரே?"

"அது அவங்க பண்பாடு. ரெண்டு தடவை வேண்டாம்பாங்க. நாம வற்புறுத்தணும். நீங்க போடுங்க."

டாக்டர் தயங்கினார். ராமோன் மறுபடியும் சத்தமாகச் சொன்னார். இந்த முறை கெஞ்சுகிற குரல். "ரெண்டாவது தடவை" என்றார் சார்.

என் கைக்குக் கீழே யாரோ முட்டுவது தெரிந்தது. அன்றைக்கும் அந்தப் பாஷையைக் கேட்க வந்து, கூட்டத்தோடு பின்னால் வந்திருந்த ஸ்டெல்லா. "அண்ணாச்சி, விடுங்க. அந்த மனுசன் ஊசி வேண்டாங்காரு. கேக்கலையா ஒங்களுக்கு? விடுங்க அண்ணாச்சி!"

இந்த இடத்தில் நான் உடனே கையை எடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எடுக்கவில்லை. தலையைத் திருப்பிச் சாரைப் பார்த்தேன். அவர் அனுமதிக்காகப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். டாக்டர் ராமோனின் கையைப் பிடித்துப் பஞ்சால் துடைக்கத் தொடங்கிவிட்டார். ஸ்டெல்லா காத்திருக்கவில்லை. குனிந்து என் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே ஓடினாள்.

"குதிரை, டாக்டர்! குதிரைங்காரு! குதிரை ரத்தத்துல எடுத்த மருந்து அவருக்கு ஆகாது!"

டாக்டரின் கை அப்படியே நின்றது. பாட்டிலின் லேபிளைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. அது குதிரைச் சீரம் என்று அவருக்குத் தெரியும். ஸ்டெல்லா ராமோனின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து அவர் மொழியில் பேசினாள். அவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நீளமாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். சின்ன வயதில் இதே மருந்தைப் போட்டு மூச்சு அடைத்து, உடம்பெல்லாம் நீலம் பாய்ந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தாராம். மறுபடியும் போட்டால் பிழைக்க மாட்டார் என்று அவர் ஊர் டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறாராம். அந்தக் காகிதம் லாட்ஜில் பெட்டிக்குள் இருந்தது.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போட்டிருந்தேன்னா தென்காசி போய்ச் சேரதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்றார். எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு எழுந்து, வேறு மருந்துக்கு ஆள் அனுப்பிவிட்டுத் தையல் போட்டார். தையல் போட்டு முடிகிறவரைக்கும் ஸ்டெல்லா ராமோனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார்.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

அடுத்த நாள் கேரளம் கிளம்பியவர்களைச் செக்போஸ்ட் வரை வழியனுப்ப நானும் சாரும் வேனில் கூடப் போனோம். வழியில் வேனைப் புரோட்டாக்கடையில் நிறுத்தச் சொன்னவர் ராமோன். சார் வேனை விட்டு இறங்கவில்லை. விருந்தாளிகளை இப்படிப்பட்ட இடத்தில் உட்காரவைப்பது முறையில்லை என்று ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தார். வெளியே அவருடைய முப்பத்திரண்டு விதிகளும் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. ராமோன் நொண்டிக்கொண்டே கடைக்குள் நுழைந்து, அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும், சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர்களுக்கும் சேர்த்து, தனித்தனியாக வாழ்த்துச் சொன்னார். ஓர் இடத்துக்குள் போனால் ஒருவரையும் விடாமல் வாழ்த்த வேண்டும், மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு என்று ஸ்டெல்லா சொன்னாள். கை கழுவும் குழாயடியில் நான்கைந்து பேர் நின்றார்கள். ராமோன் அங்கே போய் ஏதோ கேட்டார். "கடைசி ஆளு யாருன்னு கேக்காரு. அங்கன வரிசையில சேருதவன் அதக் கேட்டுட்டுத்தான் நிக்கணுமாம். கேட்டுக்கிட்டா எங்கன வேணாலும் போய் உக்காந்துக்கலாம், எடம் போவாதாம்" என்றாள். டிரைவர் ஒருவர் கையைத் தூக்கினார். ராமோன் அவருக்குத் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பதினொன்றாம் விதியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மூணு தடவ மறுப்பாங்களாமே, கேளும்மா" என்றேன். அவள் கேட்டாள். ராமோன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். "அங்கன வேண்டாம்னா வேண்டாம்தானாம் அண்ணாச்சி. காப்பிய மட்டும் வேண்டாம்னு சொல்லப்படாதாம், குடுத்தவங்க மனசு சங்கடப்படுமாம். ஒரு வாயாவது குடிச்சிறணுமாம்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டுக்குப் போனால் "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்பதும், "சும்மா குடிங்க" என்றால் "ஐயோ வேண்டாம்" என்பதும், மூன்றாம் முறை டம்ளரை வாங்கிக்கொள்வதும் நாம். தென்காசிக்காரர்கள். ஹோட்டல் அறையில் பருப்புப்பொடியோடு உட்கார்ந்திருந்த மனிதர், அங்கே யார் வீட்டிலோ தான் செய்த பாசாங்கை அந்த நாட்டின் பண்பு என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் ஓர் உயிர் போகப் பார்த்தது.

கிளம்பும்போது ராமோன் ஸ்டெல்லாவின் கன்னத்தோடு கன்னம் வைத்தார். தாமஸுக்கும் அப்படியே. தாமஸ் வெட்கத்தில் புரோட்டா மாவுக் கையோடு நின்றார். சாருக்கு வேனில் கை கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் அவரை முட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு இந்த மலருக்கு நான்கு நல்ல வரிகள் எழுதிக் கொடுத்திருப்பேன். இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பதிப்புக்குப் பிரதி கொண்டுவந்தார். முப்பத்திரண்டு விதிகளில் ஒன்றையும் மாற்றவில்லை. பின்னால் புதிதாகப் பதினோரு பக்கம் சேர்த்திருந்தார். தலைப்பு, 'ஓர் உயிரைக் காத்த மொழியறிவு.' கிளினிக்கில் டாக்டர் ஊசியை ஓங்குகிறார். கியூபர் கதறுகிறார். அறையில் யாருக்கும் புரியவில்லை. 'கபாயோ' என்ற ஒற்றைச் சொல் ஆசிரியரின் செவியில் விழுகிறது. "நிறுத்துங்கள், குதிரை என்கிறார்!" என்று ஆசிரியர் முழங்குகிறார்.

பிரதியைப் படித்துவிட்டு, "சார், இதுல ஸ்டெல்லா பேரு வரலையே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது: "ஒரு பொம்பளை பேர அச்சுல ஏத்தி நாலு பேரு பேசும்படியா வைக்கலாமாவே? அவளுக்குத்தான் கெட்ட பேரு. நான் அவளக் காப்பாத்துதேன்."

அந்தப் பதினோரு பக்கத்தையும் நானே எழுத்துக்கோத்தேன். 'கபாயோ' என்ற சொல்லை அவர் தப்பாக எழுதியிருந்தார். ராமோன் வாயால் கேட்டது நினைவிருந்ததால் திருத்திக் கொடுத்தேன். "காது கூர்மைவே ஒமக்கு" என்று பாராட்டினார்.

அந்தப் புத்தகத்துக்காக ஊர் ஊராக மாலை வாங்கினார். போன வாரம் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய ஏழு பேரில் ஐந்து பேர் அந்தக் குதிரையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் அந்த இடத்தில் அழுதார். ஆறாவதாக என்னை அழைத்தார்கள். மைக் முன்னால் போனபோது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார், பாவம், அவர் என்ன செய்தார். "ஓர் உயிரைக் காத்த மனிதர்" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் பஸ் ஏறிப் புளியறைக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. "நல்ல சாவு. கெடையில கெடக்கல" என்றாள். கையில் இருந்த இரண்டாம் பதிப்பை நீட்டினேன். இப்படி ஒன்று வந்ததே அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து, விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டே, பதினோரு பக்கத்தையும் படித்தாள். நடுவில் ஒரு லாரி வந்து நின்றது. தாமஸ் போய்க் கவனித்துக்கொண்டார். படித்து முடித்துவிட்டு, கடைசி அட்டையைத் திருப்பி அச்சகத்தின் பெயரைப் பார்த்தாள்.

"இது நீங்க அடிச்சதா அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"எழுத்துக்கோத்ததும் நீங்கதானா?"

"நான்தான்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அழுதால் என்ன சொல்வது என்றும் யோசித்திருந்தேன். அவள் புத்தகத்தை மூடி, மாவு படாமல் இரண்டு விரலால் பிடித்து என்னிடமே கொடுத்தாள்.

"பிழையே இல்லாம அடிச்சிருக்கிய" என்றாள். எழுந்து கல்லுக்குப் போய்விட்டாள்.

நண்பர்களே, அவர் புகழில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். சங்கரலிங்கம் என்ற அந்த மனிதரிடமிருந்து எனக்கென்று மிஞ்சுவது பதினோரு பக்கங்கள். பொய் அவருடையது, வேலை என்னுடையது. இந்த மலரில் என் பங்கையும் நானேதான் கோத்திருக்கிறேன், இரண்டு முறை பிழை பார்த்துவிட்டேன். குதிரை என்று சொன்னவள் ஸ்டெல்லா. புளியறையில் இருக்கிறாள்.